துணிவைக் கற்பிக்கையில் விடுபட்டுப்போகும் நடுக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களிடம் துணிவு குறைந்துவருகிறது என்றும், வீரர்களின் வாழ்க்கையையும் பண்புகளையும் வகுப்பில் எடுத்துச் சொன்னால் அக்குறை நீங்கும் என்றும் வாசகர்கள் சிலர் தங்கள் நாளிதழில் எழுதிவருவதைப் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மொழிப்பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தக் கருத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கதைகளை நாம் சொல்லிவரும் விதத்தில் ஒரு பழுது இருக்கிறது. அந்தப் பழுதோடு எத்தனை கதைகளைச் சொன்னாலும் பிள்ளைகளிடம் வியப்பு வளருமே தவிர துணிவு வளராது என்பதை என் சொந்த வகுப்பறையில், சற்றுத் தாமதமாகவே, தெரிந்துகொண்டேன். அதை எடுத்துச் சொல்லவே இக்கடிதம்.

“துணிவு மிக்க ஒருவரைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக” என்று ஆண்டுதோறும் கட்டுரை கொடுப்பது என் வழக்கம். வந்து சேரும் நாற்பது தாள்களில் ஆள் மாறுவாரே ஒழிய அடைமொழிகள் மாறா. அஞ்சா நெஞ்சம் படைத்தவர், சிங்கம் நிகர்த்தவர், மலை குலைந்தாலும் நிலை குலையாதவர், பயம் என்ற சொல்லையே அறியாதவர். ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, மதிப்பெண் போட்டு, நூல் கட்டி அடுக்கிவைத்துவிடுவேன். ஒருமுறை எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி பாதி எழுதிய தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். ஏன் முடிக்கவில்லை என்று கேட்டேன். “சார், அவங்களுக்கெல்லாம் பயமே வராதா? எனக்கு எல்லாத்துக்கும் வருதே” என்றாள். “அதனால்தானே அவர்கள் வீரர்கள்!” என்று சொல்லி அவளை இடத்துக்கு அனுப்பினேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். துணிவுடையோர் ஒரு பிறவி, நீ வேறு பிறவி என்று ஒரு குழந்தைக்குத் தீர்ப்பு வழங்கிவிட்டோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பயமே இல்லாத மனிதர் எப்படி இருப்பார் என்பதற்கு மருத்துவத்தில் ஒரு சான்று உண்டு. மூளையில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. பாதாம் பருப்பின் வடிவில் இருபுறமும் ஒவ்வொன்றாக அமைந்து, ஆபத்தை உணர்ந்து உடலை எச்சரிப்பதில் பெரும்பங்கு வகிப்பது. அரிய நோய் ஒன்றால் அப்பகுதி இரு புறத்திலும் சிதைந்துபோன ஒரு பெண்ணை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அவர் பாம்பைக் கையில் எடுத்து ஆர்வத்தோடு தடவிப் பார்த்தார். திகில் படங்கள் அவரை ஒன்றும் செய்யவில்லை. வாழ்க்கையிலோ அவர் கத்திமுனையிலும் துப்பாக்கிமுனையிலும் மிரட்டப்பட்டிருக்கிறார். ஆபத்தான இடத்தையும் ஆளையும் முன்கூட்டியே உணர்ந்து விலகும் திறன் அவருக்கு இல்லாமற்போனது அதற்கு ஒரு காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அவரை வீராங்கனை என்று எவரும் சொல்லவில்லை, நோயாளி என்றே சொல்கிறார்கள். ஆனால் நம் மாணவர்களின் கட்டுரைகளில் வரும் வீரர்கள் எல்லோருக்கும் இந்த நோய்தான் இருக்கிறது.

நம் மொழி இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுத்ததே இல்லை. துணிதல் என்றால் தெளிந்து முடிவெடுத்தல். துணிவு என்ற சொல்லுக்கு அகராதியில் தெளிவு, முடிவு என்ற பொருள்களும் உண்டு. “எண்ணித் துணிக கருமம்” என்ற தொடரில் வள்ளுவர் ஆளும் துணிவு அதுதான். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பதை அவர் பேதைமை என்றும் சொல்லிவைத்திருக்கிறார். ஆகவே துணிவு என்பது உடம்போடு பிறக்கும் குணம் என்பதைவிட, அச்சம் உள்ளே இருக்கும்போதே மனிதர் எடுக்கும் ஒரு முடிவு என்று பாடத்தைத் தொடங்கினால், கடைசி வரிசைப் பிள்ளைக்கும் அதில் இடம் உண்டு. நெல்சன் மண்டேலா 1994-இல் தேர்தல் பிரசாரத்துக்காக ஒரு சிறு விமானத்தில் சென்றுகொண்டிருந்தபோது அதன் விசிறிகளில் ஒன்று நின்றுபோனது. அவர் கையிலிருந்த செய்தித்தாளை அமைதியாகப் படித்துக்கொண்டே இருந்தார். அவரைப் பார்த்து உடனிருந்தவர்களும் அமைதியாக இருந்தார்கள். தரையிறங்கிக் காரில் ஏறிய பிறகு, அவருடைய தன்வரலாற்று நூலுக்கு உதவிய ரிச்சர்ட் ஸ்டெங்கலிடம், மேலே தாம் கதிகலங்கிப்போயிருந்ததாகச் சொன்னார். வகுப்பில் முதல் பாதியை மட்டும் சொன்னால் மண்டேலா சிலையாகிவிடுகிறார். இரண்டாம் பாதியையும் சொன்னால், பயத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்யலாம் என்பது பாடமாகிறது.

இதில் எனக்கு மிகவும் கைகொடுத்தது காந்தியடிகளின் வாழ்க்கை. அதற்குக் காரணம் அவர் தம் பயங்களை ஒளிக்காமல் எழுதிவைத்ததுதான். சிறுவயதில் இருட்டுக்கும் பேய்க்கும் பாம்புக்கும் பயந்தவர். இங்கிலாந்தில் சட்டம் படித்து 1891-இல் திரும்பிய பிறகு பம்பாயில் சிறுவழக்கு நீதிமன்றம் ஒன்றில் முதல் வழக்குக்கு ஆஜரானார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டு, வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும்படி சொல்லி, வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். இதை முதன்முதலில் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். மேடையில் பேச அழைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் ஏழெட்டுப் பேராவது உண்டு. அவர்கள் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்.

பிறகு 1893. தென்னாப்பிரிக்காவில் முதல் வகுப்புப் பயணச்சீட்டு கையில் இருந்தும், நிறத்தைக் காரணம் காட்டிப் பீட்டர்மாரிட்சுபர்க் ரயில் நிலையத்தில் அவரை இறக்கிவிட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. நாம் வழக்கமாக அங்கிருந்து ஒரே தாவலாகச் சத்தியாகிரகத்துக்குப் போய்விடுகிறோம். இடையில் ஓர் இரவு இருக்கிறது. அது குளிர்காலம்; மலைப்பகுதியின் கடுங்குளிர். அவருடைய மேலங்கி பயணப்பெட்டியோடு ரயில்வேக்காரர்களின் பொறுப்பில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கப் போனால் மறுபடியும் அவமானப்படுத்துவார்களோ என்று அஞ்சி, கேட்காமலே, விளக்கில்லாத காத்திருப்பு அறையில் இரவு முழுவதும் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். உரிமைக்காக நிற்பதா, ஊருக்கே திரும்பிவிடுவதா என்று யோசித்தது அந்த நடுக்கத்தினூடேதான்.

நான் இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். நிறுத்திவிட்டு, “தம்முடைய மேலங்கிதானே, ஏன் கேட்கவில்லை?” என்று மட்டும் கேட்பேன். முதலில் அமைதி. பிறகு ஒருவன், “மறுபடியும் திட்டுவாங்கன்னு சார்” என்பான். இன்னொருத்தி, “தனியா இருந்தாரே சார்” என்பாள். “ராத்திரி சார், பகலா இருந்திருந்தா கேட்டிருப்பார்” என்று ஒருவன் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது; ஏனென்றால் அவன் சொன்னது ஏறத்தாழச் சரி. மறுநாள் காலையில் காந்தி ரயில்வேயின் பொது மேலாளருக்கு ஒரு நீண்ட தந்தி அனுப்பினார். தம்மை வரவழைத்த அப்துல்லா சேட்டுக்கும் தகவல் கொடுத்தார். இரவில் நேருக்கு நேர் மேலங்கியைக் கேட்க முடியாதவருக்குக் காலையில் மேலதிகாரிக்கு எழுத முடிந்தது. அன்று மாலை மீண்டும் ரயிலேறினார். பிறகு பிரிட்டோரியா போய்ச் சேர்ந்து, அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். அதுவே தம் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு என்று குறித்திருக்கிறார். துணிவு தன்னால் இயன்ற வடிவத்தைத் தேடிக்கொள்ளும் என்பதையும், இயலாத வடிவத்தில் இல்லையே என்று தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை என்பதையும் இந்த ஒரு தந்தியை வைத்தே ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம். நேரில் சொல்லப் பயமாக இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று மாணவர்களிடம் சொன்னேன். அதன் பின் என் மேசையின் இழுப்பறையில் மடித்த தாள்கள் வரத் தொடங்கின.

பண்புகளைப் பட்டியலிடும் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். “இவ்வீரரிடம் நீ கண்ட பண்புகள் ஐந்தனை எழுதுக” என்ற வினா எந்த வினாத்தாளிலும் தவறாமல் இடம்பெறும். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, நேர்மை, தியாகம், நாட்டுப்பற்று என்று எவரைப் பற்றியும் எழுதலாம். முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். பண்பு என்பது பெயர்ச்சொல்லாக நிற்கும்வரை பிள்ளைக்கு அதனால் பயனில்லை. அந்தப் பண்பு அன்றைய நாளில் என்ன வினையாக வெளிப்பட்டது என்று கேட்டால்தான் கதை திறக்கிறது. சாவித்திரிபாய் புலே 1848-இல் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கியபோது தெருவில் நின்றவர்கள் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் எறிந்தார்கள். அவர் என்ன செய்தார்? பையில் இன்னொரு சேலையை எடுத்துச் சென்றார். பள்ளிக்குப் போய் மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார். “விடாமுயற்சி” என்று எழுதிய தாளையும் “மாற்றுச் சேலை” என்று எழுதிய தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாளையும் எறிவார்கள் என்று தெரிந்தே வீட்டிலிருந்து கிளம்பியதை இரண்டாவது தாள் காட்டிவிடுகிறது.

ரோசா பார்க்ஸின் கதை இன்னும் மோசமாகச் சிதைக்கப்பட்டு வகுப்புக்கு வருகிறது. வேலை முடிந்து களைத்துப்போன ஒரு மூதாட்டி, வெள்ளையருக்கு இடம் விடச் சொன்னபோது கால் வலியால் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தார், நாடே விழித்துக்கொண்டது என்று சொல்கிறோம். 1955 டிசம்பர் 1 அன்று அவருக்கு வயது 42. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் தையல் வேலை பார்த்துவந்த அவர், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் பல ஆண்டுகள் செயலாளராகப் பணியாற்றியவர். அந்த ஆண்டுக் கோடையில்தான் உரிமைப் போராட்டப் பயிற்சி முகாம் ஒன்றில் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். அன்று பேருந்தை ஓட்டியவரோடு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவருக்கு மோதல் நடந்திருந்தது. பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், அதே நகரில், கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதாகியிருந்தார். பாடப்புத்தக வயதில் இருப்பவர் அவர்தான். நாமோ அவர் பெயரைச் சொல்வதே இல்லை.

பார்க்ஸ் கைதான இரவில் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆங்கிலப் பேராசிரியை தம் மாணவர்கள் இருவரின் துணையோடு விடிய விடிய, நகரப் பேருந்துகளைப் புறக்கணிக்க அழைக்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளைப் படியெடுத்தார். பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நடந்தது. அத்தனை நாளும் வேலைக்கு நடந்தே போனவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் முழுமையாக இல்லை. பார்க்ஸ் வேலையை இழந்தார். 1957-இல் அந்த ஊரைவிட்டே போக நேர்ந்தது. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டுச் சொன்னால் மிஞ்சுவது ஒரு நொடிநேர அற்புதம். சேர்த்துச் சொன்னால், அந்த நொடிக்குப் பின்னால் பயிற்சியும், கூட்டாளிகளும், பின்னர் கொடுத்த விலையும் இருப்பது தெரியும். அற்புதத்தை யாரும் பழக முடியாது. பயிற்சியைப் பழகலாம், கூட்டாளியைத் தேடிக்கொள்ளலாம்.

சாதனையை மட்டும் சொல்வதற்கும் போராட்டத்தையும் சேர்த்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின்-சீக்லரும் அவர் குழுவினரும் நியூயார்க் நகரில் 402 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. சிலருக்கு ஐன்ஸ்டைன், மேரி கியூரி, மைக்கேல் ஃபாரடே ஆகியோரின் கண்டுபிடிப்புகளை மட்டும் படிக்கத் தந்தார்கள். மற்றவர்களுக்கு அவர்கள் பட்ட துன்பங்களையும் தோல்விகளையும் தந்தார்கள். இன்னல்களைப் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண்கள் உயர்ந்தன. குறிப்பாகப் பின்தங்கியிருந்தவர்களுக்குப் பயன் அதிகம். சாதனைகளை மட்டும் படித்தவர்களுக்கோ மதிப்பெண் முன்னைவிடக் குறைந்தது. ஆய்வு அறிவியல் பாடத்தைப் பற்றியது, துணிவைப் பற்றியதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், ஒரு மேதையை எட்டாத உயரத்தில் நிறுத்திக் காட்டினால் பார்க்கும் பிள்ளை உட்கார்ந்துவிடுகிறது என்பதை நாற்பது தாள்களைக் கட்டிவைத்தவன் நம்புவதில் வியப்பில்லை.

நம் கதைகளில் விடுபடும் இன்னொன்று, துணிவைத் தடுப்பது பெரும்பாலும் எதிரி அல்லர், பக்கத்தில் இருப்பவர்கள் என்ற உண்மை. 1968-இல் டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். தனித்தனி அறைகளில் இருந்து ஒலிபெருக்கி வழியே உரையாடிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோன்ற குரல் கேட்கச் செய்தார்கள். அதைக் கேட்பவர் தாம் ஒருவர்தான் என்று எண்ணியவர்களில் 85 விழுக்காட்டினர் வலிப்பு ஓயுமுன்னே உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நால்வர் கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணியவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தார்கள். மற்றவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். சோதனையாளர் உள்ளே வந்தபோது அவர்களில் பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் ஒரு கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது.

ஒரு மாணவனைச் சுற்றி நின்று கேலி செய்யும் கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தால், அவர்களில் எட்டுப் பேருக்கு அது பிடிக்காது என்று நான் துணிந்து சொல்வேன். அந்த எட்டுப் பேரும் மற்ற ஏழு பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். சாலமன் ஆஷ் என்பவர் 1950-களில் செய்த சோதனை இதற்கு வழி காட்டுகிறது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி, முன்னேற்பாட்டின்படி எல்லோரும் தவறான விடையையே சொன்னபோது, விவரம் அறியாத ஒருவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொன்னார். கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் சரியான விடையைச் சொல்லத் தொடங்கியதும், அந்த விவரம் அறியாதவரின் தவறுகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்தன. ஒரே ஓர் ஆள்! எல்லா மாணவரும் முதல் குரல் எழுப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை. ஆனால் யாரோ ஒருவர் முதல் குரல் எழுப்பியதும் இரண்டாம் குரல் கொடுக்க எவராலும் பழக முடியும். “ஆமா சார், நானும் பார்த்தேன்” என்ற நான்கு சொற்களுக்கு அவ்வளவு எடை உண்டு. வகுப்பில் நாங்கள் இதைச் சிறு நாடகமாக நடித்துப் பழகினோம். ஒருவன் கேலிக்கு உள்ளாவான், ஒருத்தி “போதும், விடுங்க” என்பாள், அதற்கடுத்த இரண்டு நொடிக்குள் இன்னொருவர் எழுந்து அவள் பக்கம் வந்து நிற்க வேண்டும். முதல் இரண்டு முறை சிரிப்பாகப் போயிற்று. மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை.

செய்யாமல் இருப்பதும் சில நேரம் துணிவுதான். அதற்குக் கதை தேடுவோர் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவைச் சொல்லலாம். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கை நிலையம் ஒன்றில் பணியில் இருந்தவர் அவர். அமெரிக்கா ஏவுகணைகளை ஏவிவிட்டதாகக் கருவி காட்டியது. முதலில் ஒன்று, பிறகு நான்கு. போர் தொடுப்பவர்கள் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்கமாட்டார்கள் என்று கணித்து, இது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். அவர் கணித்ததே சரியாயிற்று. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் அவருக்கே அது உறுதியாகத் தெரியாது என்பதுதான் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன். பிறருக்காக உயிரைக் கொடுத்தவர்களை மட்டுமே வீரர்கள் என்று காட்டிக்கொண்டிருந்தால், நீச்சல் தெரியாத சிறுவன் தண்ணீரில் மூழ்கும் நண்பனைக் காப்பாற்றக் குதிப்பான். போவது ஓர் உயிர் என்பது இரண்டாகும். உயிர்காப்புப் பயிற்சி தருவோர் கற்பிப்பது வேறு: கத்தி ஆள் கூப்பிடு, கழியையோ துணியையோ நீட்டு, மிதக்கும் பொருளை எறி, பயிற்சி இல்லாமல் நீரில் இறங்காதே. ஆள் கூப்பிட ஓடிய பையனையும் வீரன் என்று நாம் சொல்லிப் பழக வேண்டும். துணிவோடு நியாயமும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. கொள்ளைக்காரனுக்கும் நெஞ்சுரம் உண்டு.

இவ்வளவையும் எழுதிவிட்டு என் தவறை எழுதாமல் விட்டால் இக்கடிதமும் மாணவர்களின் கட்டுரைகளைப் போலாகிவிடும். ஒரு நாள் காலை வகுப்பறைச் சன்னலின் கண்ணாடி உடைந்து கிடந்தது. யார் என்று கேட்டேன், பதில் இல்லை. வழக்கமாகக் குறும்பு செய்யும் ஒருவனை எழுப்பி வெளியே நிற்க வைத்தேன். அப்போது முன்வரிசையிலிருந்து, அதிகம் பேசாத ஒரு மாணவன் எழுந்து, “சார், அவன் இல்ல சார்” என்றான். குரல் உடைந்திருந்தது, மேசையின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான். “உன்னை யாரப்பா கேட்டது? உட்கார்” என்றேன். உட்கார்ந்துவிட்டான். அன்று பிற்பகல் அதே வகுப்பில், வீரம் பற்றிய பாடத்தை ஏற்ற இறக்கத்தோடு நன்றாகவே நடத்தினேன்.

கண்ணாடி இரவுக் காற்றில் சன்னல் அடித்துக்கொண்டதால் உடைந்தது என்று இரண்டு நாள் கழித்துக் காவலர் சொன்னார். வெளியே நிற்க வைத்தவனிடம் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்தேன். எழுந்து சொன்னவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பின் முன் நின்று, நான் தவறு செய்துவிட்டேன், அவன் சொன்னதே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். மாணவர்கள் முன் மதிப்புப் போய்விடுமோ என்ற பயத்தில் சொல்லவில்லை. அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும், நான் என்ன கேட்டாலும், அவ்வகுப்பில் எவரும் தாமாக எழவில்லை. ஒழுக்கமான வகுப்பு என்று என்னைப் பாராட்டினார்கள். எந்த வீரரின் எந்தப் பண்பைக் கற்பித்தாலும், முதல் முறை நடுங்கிக்கொண்டே எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அந்த அறையில் என்ன நேர்கிறது என்பதை மற்ற முப்பத்தொன்பது பேரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

துணிவுக்கு மதிப்பெண் போட வேண்டும், சான்றிதழ் வழங்க வேண்டும் என்ற யோசனைகளிலும் எனக்கு உடன்பாடு இல்லை. பரிசு உண்டென்றால் மேடைக்கேற்ற துணிவு வளரும். மேடைக்கு வராத துணிவுதான் வகுப்பறைக்கு அதிகம் தேவை. தனக்குத் தவறுதலாகக் கூட்டிப் போடப்பட்ட நான்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க வரும் மாணவியின் துணிவு அத்தகையது. “புரியல சார், இன்னொரு தடவை சொல்லுங்க” என்பவனின் துணிவும் அப்படியே. அவற்றுக்கு ஆசிரியர் தரக்கூடியது ஒரு தலையசைப்பும், அந்தத் திருத்தத்தை முகம் சுளிக்காமல் செய்வதுமே. அது போதும்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் தலைவர்கள், அறிஞர்கள், வீரர்கள் ஆகியோரின் பிறந்தநாளை ஒட்டி வாழ்க்கைக் குறிப்புகள் வெளியாகின்றன; பல பள்ளிகளில் அவற்றை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். பிறந்த ஆண்டு, பெற்ற விருது, ஆற்றிய பணி ஆகியவற்றோடு, ஆதாரம் கிடைக்கும் இடங்களில், அவர் பயந்த ஒரு நாளையும், அன்று அவர் அருகில் நின்றவர் யார் என்பதையும் இரண்டு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். இடம் போதாது என்றால் அடைமொழிகளை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற மொழி ஆசிரியர் ஒருவர்